முதலாளி இறந்த பிறகு பேசும் குரல்



ஒரு தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. இறந்தவர் டாம் கார்னர், அமெரிக்காவில் பெரியதொரு ரயில்வே கம்பெனியின் தலைவர். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். சடங்கு முடியும் முன்பே ஒருவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். அவர் பெயர் ஹென்றி. டாமின் பால்ய சிநேகிதர், கடைசிவரை அவரிடம் செயலாளராக இருந்தவர். வீட்டுக்கு வந்தால், அவர் மனைவிக்கு இறந்தவர்மேல் துளி இரக்கமும் இல்லை. வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் செத்ததற்கு அந்த மனிதர்தான் காரணம், கட்டிய மனைவியின் சாவுக்கும் அவர்தான் காரணம் என்கிறாள். ஹென்றி உட்கார்ந்து, தன் நண்பரின் கதையை அவளுக்குச் சொல்லத் தொடங்குகிறார்.

1933-ல் ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'தி பவர் அண்ட் தி குளோரி' இப்படித்தான் ஆரம்பிக்கிறது. இயக்கியவர் வில்லியம் கே. ஹோவர்ட். டாமாக நடித்தவர் ஸ்பென்சர் டிரேசி. படம் ஒன்றேகால் மணி நேரம்தான் ஓடும்.

இந்தக் கதைக்கு மூலம் ஒரு நிஜ முதலாளி. சி. டபிள்யூ. போஸ்ட் என்பவர் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் ஊரில், காப்பிக்குப் பதிலாகக் குடிக்கும் 'போஸ்டம்' என்ற தானியப் பானத்தை 1895-ல் விற்கத் தொடங்கினார். பிறகு 'கிரேப் நட்ஸ்' என்ற காலை உணவு. பணம் கொட்டியது. 1914-ல் கலிஃபோர்னியாவில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அவருடைய பேத்தி எலினாரைத்தான் நாடக ஆசிரியர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் மணந்துகொண்டார். அந்த மணவாழ்க்கை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் தாத்தாவைப் பற்றி எலினார் சொன்ன கதைகள் ஸ்டர்ஜஸ் மனதில் தங்கிவிட்டன.

வீட்டுக் கதைகளை யாரும் வரிசையாகச் சொல்வதில்லை. இன்று கல்யாணக் கதை வரும், நாளை சிறுவயதுக் கதை, அடுத்த வாரம் சாவு. ஸ்டர்ஜஸ் இந்தப் படத்தின் திரைக்கதையையும் அப்படியே எழுதினார். சாவு முதலில் வருகிறது. பிறகு ஆற்றில் குதித்து விளையாடும் சிறுவர்கள். உடனே கம்பெனித் தலைவரின் நாற்காலி. அங்கிருந்து மறுபடி இளமைக்காலம். பேசும்படம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலத்தில் இது துணிச்சலான காரியம்.

எழுத்தாளர் என்ற முறையில் ஸ்டர்ஜஸ் செய்ததும் துணிச்சலானதே. அன்றைய ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் வாரச் சம்பளக்காரர்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவார், அதை மூன்றாமவர் மாற்றுவார். தயாரிப்பாளர் ஜெஸ்ஸி லாஸ்கி கேட்டது கதைச் சுருக்கம். ஸ்டர்ஜஸ் கொண்டுபோய்க் கொடுத்ததோ, படப்பிடிப்புக்குத் தயாரான முழுத் திரைக்கதை. லாஸ்கி அதில் யாரையும் கைவைக்க விடவில்லை. முன்பணமாக 17,500 டாலரும், மேற்கொண்டு வசூலில் ஒரு பங்கும் என்று ஒப்பந்தம். படப்பிடிப்பிலும் ஸ்டர்ஜஸ் கூடவே இருந்தார். இன்றைக்கும் எத்தனை எழுத்தாளர்களுக்கு இது கிடைக்கிறது, சொல்லுங்கள்!

இனி நான் ஆசையோடு பேச வந்த இடத்துக்கு வருகிறேன்.

டாம் இளைஞனாக இருந்தபோது தண்டவாளத்தை நடந்தே பார்த்துவரும் வேலையில் இருந்தான். நம் ரயில்வேயில் கீமேன் என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. சாலி என்ற பள்ளி ஆசிரியை அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள்மேல் அவனுக்குப் பிரியம். ஒருநாள் இருவரும் மலையேறப் போகிறார்கள். கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டும், வாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே போவோமா என்கிறான். போகிறார்கள். மறுபடி தயங்குகிறான். மறுபடி ஏறுகிறார்கள். அவளுக்கோ மூச்சு வாங்குகிறது. உச்சிக்குப் போய், இனி ஏற இடமில்லை என்றானபோதுதான் கேட்டே விடுகிறான்.

இதில் விசேஷம் என்னவென்றால், டாமின் குரலோ சாலியின் குரலோ நமக்குக் கேட்பதில்லை. இருவர் உதடுகளும் அசைகின்றன. கேட்பது ஹென்றியின் குரல் மட்டும். அவன் பேசுவதையும் அவள் பேசுவதையும் ஹென்றியே சொல்கிறார். சில இடங்களில் அவர் சொல் சரியாக அவர்கள் வாயசைப்பில் வந்து உட்காருகிறது. நண்பனை இழந்த ஒரு கிழவர் அந்த நாளை நினைத்துச் சிரித்துக்கொண்டே சொல்வதால், காட்சியின் சிரிப்புக்கு அடியில் ஒரு துக்கமும் ஓடுகிறது. காதலர்கள் தாங்களே பேசியிருந்தால் அந்தத் துக்கத்துக்கு அங்கே இடமே இருந்திருக்காது. ஃபாக்ஸ் நிறுவனம் இந்த உத்திக்கு 'நேரடேஜ்' என்று பெயர் சூட்டிப் பெரிதாக விளம்பரம் செய்தது. பெயர் நிலைக்கவில்லை. உத்தி நிலைத்துவிட்டது.

வானொலி நாடகம் எழுத வரும் இளைஞர்களிடம் இந்தக் காட்சியைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. ஒருமுறை ஓர் இளம்பெண், காதலைச் சொல்லும் காட்சி ஒன்றை எழுதிக்கொண்டு வந்திருந்தார். நாயகனுக்கும் நாயகிக்கும் பக்கம் பக்கமாக வசனம். இதையே நாயகியின் தம்பி பல வருஷம் கழித்துச் சொல்வதாக எழுதிப் பாருங்களேன் என்றேன். மாற்றி எழுதினார். ஒலிப்பதிவில் காதலர்களுக்கு மிஞ்சியது ஒரு சிரிப்பும் காலடிச் சத்தமும்தான். தம்பியாக நடித்தவர் நடுவே ஓரிடத்தில் நிறுத்தி மூச்சு விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அந்த மூச்சை வெட்டாமல் அப்படியே ஒலிபரப்பினோம்.

படத்துக்குத் திரும்புவோம். சாலியாக நடித்த காலின் மூர் மௌனப்பட காலத்தின் பெரிய நட்சத்திரம். 1920-களில் அவருடைய குட்டை முடி அலங்காரத்தை அமெரிக்கப் பெண்கள் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டார்கள். இந்தப் படத்தில் அந்தப் பகட்டு எதுவும் இல்லை. கணவனுக்குப் படிக்கும் ஆசையை ஊட்டி, அவனைச் சிகாகோவுக்குப் படிக்க அனுப்பிவிட்டு, அவன் பார்த்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டு பனியில் தண்டவாளத்தோடு நடக்கிறாள். டாமின் ஏற்றம் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இவள் நடந்த நடை. பிற்காலத்தில் அவன் மனம் ஈவ் என்ற இன்னொருத்தியிடம் போய்விட்டதை அறிந்ததும், வீதியில் ஓடும் டிராம் வண்டியின் முன்னே போய் விழுந்து சாகிறாள். வயது ஏற ஏற அந்த முகம் களைத்துப்போவதை காலின் மூர் காட்டும் விதத்துக்காகவே படத்தை இரண்டாம் முறை பார்க்கலாம். அடுத்த வருஷமே அவர் திரையை விட்டு விலகிவிட்டார்.

ஒளிப்பதிவு ஜேம்ஸ் வாங் ஹோவ். சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், பின்னாளில் இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். அவரைப் பற்றித் தனியாகவே ஓர் உரை வேண்டும், நேரம் போதாது.

டாமின் வீழ்ச்சி, இரண்டாம் மனைவியாக வந்த ஈவுக்கும் டாமின் மகனுக்கும் ஏற்படும் உறவில் முடிகிறது. என் அபிப்பிராயத்தில் படத்தின் பலவீனமான பகுதி அதுதான். இன்னொரு குறையும் உண்டு. வேலைநிறுத்தத்தில் அத்தனை தொழிலாளர்கள் செத்தார்கள் என்று வாய் வார்த்தையாகத்தான் கேட்கிறோம். அவர்களுடைய வீடுகளுக்குள் கேமரா போகவே இல்லை. அமெரிக்கா வேலையில்லாமல் தவித்த 1933-ல் அங்கேயும் போயிருக்க வேண்டும். ஆனால் ஹென்றியின் மனைவியைப் படம் வாயடைத்து உட்கார வைக்கவில்லை என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். கணவர் உருகிச் சொல்லும்போதெல்லாம் அவள் குறுக்கே கேள்வி கேட்கிறாள். யார் பக்கம் நியாயம் என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார்கள்.

எட்டு வருஷம் கழித்து, 1941-ல், ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' வந்தது. அங்கேயும் முதலில் ஒரு பணக்காரரின் சாவு, பிறகு முன்னும் பின்னுமாக அவர் கதை. இந்தப் படத்துக்கு 'கேன்' கடன்பட்டிருக்கிறது என்று விமர்சகர் பாலின் கேல் 1971-ல் எழுதினார். வெல்ஸோ தான் இதைப் பார்த்ததே இல்லை என்றார். அந்த வழக்கைத் தீர்க்க நாம் வேண்டாம். வெல்ஸ் வானொலி நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போனவர் என்பதை மட்டும் நம் வானொலி நேயர்களுக்குப் பெருமையோடு நினைவூட்டுகிறேன். ஸ்டர்ஜஸும் பிறகு இயக்குநரானார். 'தி கிரேட் மெக்கின்டி' படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கினார்.

மணி ஆகிவிட்டது. 2014-ல் அமெரிக்கா தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'தி பவர் அண்ட் தி குளோரி' படத்தைச் சேர்த்துப் பாதுகாத்திருக்கிறது. நம் ஊர்த் திரைப்படச் சங்கங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இதைத் திரையிட வேண்டும் என்பது என் ஆசை. எங்காவது திரையிட்டால், நாடகம் எழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.