பரணி படித்த வகுப்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "நீங்க இன்ஜினியர், தொழில்நுட்பம் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார். நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். உடைந்துபோன உதிரிபாகம் ஏன் உடைந்தது என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. அதைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள், மீதிப் பேர் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போய்விடுவீர்கள். ஆகவே செயலாளர் மன்னிக்கவேண்டும். இரண்டாம் ஆண்டுத் தமிழ் வகுப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, அதன் பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. படித்தவன் நான். இயற்பியலில் படித்தது கொஞ்சம் மறந்துபோச்சு. அந்தத் தமிழ் வகுப்பு மறக்கவில்லை.

2009 ஜனவரி மாதம். எங்களுக்குக் கலிங்கத்துப்பரணியில் சில பகுதிகள் பாடம். நடத்தியவர் நம் தமிழய்யா. ஐயா இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார்; தவறாகச் சொன்னால் அங்கேயிருந்தே திருத்துவார்.

மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாம் குலோத்துங்க சோழன் பாலாற்றங்கரையில் வேட்டை முடித்துக் காஞ்சியில் தங்கியிருக்கிறான். கலிங்க மன்னன் இரண்டு முறை திறை கட்டவில்லை என்று செய்தி வருகிறது. கருணாகரத் தொண்டைமான் தலைமையில் படை புறப்படுகிறது. எங்கிருந்து? நம் காஞ்சியிலிருந்துதான். பெரும்போர் நடக்கிறது, கலிங்கம் தோற்கிறது, பேய்கள் களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன. ஜெயங்கொண்டார் பாடியது. போரில் ஆயிரம் யானையைக் கொன்ற வீரனைப் பாடுவதுதான் பரணி என்று இலக்கணம். மன்னர் காஞ்சியிலேயே இருந்துவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டில் ஓர் இடம் உண்டு. தோற்ற கலிங்க வீரர்கள் உயிர் தப்பப் போட்ட வேஷங்கள். ஒருவன் வில்லின் நாணை அறுத்து மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, கங்கையில் குளிக்க வந்தவன் என்கிறான். ஒருவன் இரத்தம் தோய்ந்த கொடித்துணியை உடுத்தித் தலையை மழித்துக்கொண்டு, நான் பௌத்தத் துறவி என்கிறான். இன்னொருவன் யானையின் மணியைக் கையில் தாளமாகப் பிடித்துக்கொண்டு, நாங்கள் தெலுங்குப் பாணர்கள், பாட வந்தோம் என்கிறான். இடுப்புத் துணியும் பறிபோனவர்கள் அமணர் என்று சொல்லிப் பிழைத்தார்களாம். கலிங்கம் என்றால் ஆடை என்றும் ஒரு பொருள். கலிங்கம் இழந்த கலிங்கர் என்று புலவர் சிலேடை செய்கிறார். ஐயா அதை நடித்தே காட்டுவார். வகுப்பே சிரித்தது.

அதோடு விட்டிருக்கலாம். நான் எழுந்து, புத்தகப் பையின் வாரைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, "கங்கைக்குப் போறேன் சார், அடிக்காதீங்க" என்று கும்பிட்டேன். பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அன்றைக்கு நான்தான் ஹீரோ.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து நின்றான். இலங்கையிலிருந்து வந்த அகதிகள் முகாமிலிருந்து படிக்க வந்த என் வகுப்புத் தோழன். அதுவரை எங்களைப் போலவே பேசுகிறவன். "என்னடா மச்சி" என்பான். அன்றைக்கு அவன் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "எங்கட அப்பாவும் இப்படித்தான் சார் வந்தவர்" என்றான்.

கிளிநொச்சி வீழ்ந்த செய்தி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எங்களுக்கு அது பேப்பரில் வருகிற செய்தி.

ஐயா புத்தகத்தை மூடிவிட்டு, "சொல்லுப்பா" என்றார். அவன் சொன்னான். 1990இல் மன்னாரிலிருந்து புறப்பட்டார்கள். அவன் அப்போது கைக்குழந்தை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். படித்தவன் என்று தெரிந்தால் நிறுத்தி விசாரிப்பார்கள் என்று, சாரத்தை மடித்துக் கட்டி, மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் சொருகிக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு இரண்டு அடி தள்ளி எதுவும் தெரியாது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கடற்கரை வரை நடந்தாராம். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் கூடையில் என்ன மீன் என்று கேட்டான். அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மாதான் பதில் சொன்னார்.

இவ்வளவுதான் சொன்னான். உட்கார்ந்துவிட்டான். மணி அடித்தது. நான் பை வாரைத் தோளிலிருந்து எடுக்கவே மறந்து அப்படியே நின்றிருந்தேன் என்று பக்கத்து பெஞ்சுக்காரன் பிறகு சொன்னான்.

மறுநாள் ஐயா பரணியைத் தொடவில்லை. கரும்பலகையில் 'புள்ளலூர்' என்று எழுதினார். நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும், காஞ்சிக்கு வடக்கே இருக்கிற சின்ன கிராமம். பல்லவன் மகேந்திரவர்மனுக்கும் சாளுக்கியன் புலிகேசிக்கும் நடந்த போரில் இந்த இடம் வருகிறது. 634ஆம் ஆண்டைச் சேர்ந்த அய்ஹோளே கல்வெட்டில் ரவிகீர்த்தி என்ற புலவர், புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் மங்கிப்போய்க் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்கிறார். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்த பல்லவர்களின் காசக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவர்களை அழித்தான் என்கிறது. எந்தப் பகைவர் என்று பெயர்கூடச் சொல்லவில்லை. "யார்டா ஜெயிச்சது?" என்று ஐயா கேட்டார். பாதி வகுப்பு பல்லவன் என்றது. ஏனென்று கேட்டால், நம்ம ஊர் ராஜா!

அதே புள்ளலூர் மண்ணில் 1780 செப்டம்பர் 10ஆம் தேதி ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை நொறுக்கினார்கள். காஞ்சியில் பெரும்படையோடு இருந்த மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. திப்பு அந்த வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனைச் சுவரில் பெரிய ஓவியமாகவே தீட்டச் செய்தான். பெய்லி பல்லக்கில் அடைபட்டு உட்கார்ந்திருப்பான். இந்தப் பக்கம் புள்ளலூரில் இன்றும் நிற்பவை, 1781இல் நடந்த இரண்டாவது போரில் இறந்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத்தூண்கள். செத்த சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் நாட்டுக்காரர்கள். கம்பெனிப் படையிலும் அவர்கள்தான், மைசூர்ப் படையிலும் அவர்கள்தான்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு எந்திரம் உடைந்தால் உற்பத்திப் பிரிவு ஓர் அறிக்கை எழுதும், பராமரிப்புப் பிரிவு ஓர் அறிக்கை எழுதும். இரண்டையும் படித்தால் யாருமே தப்பு செய்யவில்லை, எந்திரம் தானாகவே உடைந்திருக்கிறது! அப்போதெல்லாம் எனக்கு அய்ஹோளேயும் காசக்குடியும் ஞாபகம் வரும்.

ஐயா கொடுத்த வேலை இதுதான்: பரணியில் வருகிற தோற்றவன் பக்கத்திலிருந்து ஒரு பக்கம் எழுது. கலிங்கத்தான் சொன்னால் எப்படிச் சொல்வான்?

நான் கெட்டிக்காரத்தனமாக எங்கள் ஊரை எழுதினேன். எனக்குச் சொந்த ஊர் திருப்புட்குழி. பாலுச்செட்டி சத்திரத்தில் பஸ் ஏறித்தான் கல்லூரிக்கு வருவேன். புள் என்றால் பறவை. இராவணனோடு சண்டை போட்டுச் சிறகறுந்து விழுந்த ஜடாயுவுக்கு இராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதீகம். விஜயராகவப் பெருமாள் கோயிலில் தாயார்கள்கூட வழக்கமான இடம் மாறி இருப்பார்கள். சிதையின் வெப்பம் தாங்காமல் அப்படி என்று பெரியவர்கள் சொல்வார்கள். (புள்ளிருக்குவேளூர்க்காரர்கள் அது எங்கள் ஊரில் என்பார்கள். அந்தச் சண்டை இப்போது வேண்டாம்.) தோற்றுச் செத்தவனின் பெயரில் ஊரே இருக்கிறது, எங்கள் ஊரில்தான் தோற்றவனுக்கு மரியாதை என்று எழுதினேன். இன்னொன்றும் எழுதினேன். இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது எங்கள் ஊரில்தான் என்பார்கள். குரு ஒரு சொல்லுக்குச் சொன்ன பொருள் பொறுக்காமல் சீடர் கண்ணீர் விட்டாராம். வகுப்பில் நம் தோழன் சிரிக்காமல் இருந்ததும் அந்த மாதிரிதான் என்று முடித்தேன். ஐயா பத்துக்கு ஆறு போட்டு, சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "கழுகுக்காக அழ ஓர் அவதாரமே வந்தது. கலிங்கத்தானுக்கு யார்?"

தோழன் எழுதியது முக்கால் பக்கம். ஐயா அதை வகுப்பில் படித்துக் காட்டினார். பாணன் என்று சொல்லித் தப்பிய கலிங்க வீரன் பல நாள் நடந்து வீடு வந்து சேர்கிறான். அவன் மடியிலிருந்து யானை மணி விழுகிறது. சின்ன மகன் அதை எடுத்து ஆட்டிப் பார்க்கிறான். இது ஏது என்று கேட்கிறான். வழியில் நான் பாட்டுக்காரனாக இருந்தேன் என்கிறான் அப்பன். அப்படியானால் பாடு என்கிறான் பையன். அங்கேயே நிறுத்தியிருந்தான்.

ஜனவரி கடைசியில் மாணவர் போராட்டம் பரவி, கல்லூரிகளைக் காலவரையின்றி மூடிவிட்டார்கள். அந்த விடுமுறையில் ஐயா ஆளுக்கொரு நாவலைக் கையில் கொடுத்து அனுப்பினார். அவனுக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போரில் மெடானிலும் பினாங்கிலும் அகப்பட்ட தமிழர்களின் கதை, 1972இல் வந்தது. எனக்குக் கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. பள்ளியில் படித்தபோது வாதாபி எரிய வேண்டும், சீக்கிரம் எரிய வேண்டும் என்று பக்கத்தைப் புரட்டியவன் நான். இந்தத் தடவை பரஞ்சோதிதான் கண்ணில் பட்டார். வாதாபியை வென்ற தளபதி வாளை வைத்துவிட்டுச் சிறுத்தொண்டராகப் போகிறார். கல்கி இதைத் தொடராக எழுதியது 1944 முதல் 1946 வரை. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலியானது. தொடர் வந்துகொண்டிருந்தபோது ஹிரோஷிமா எரிந்தது. காஞ்சி முற்றுகையை வாராவாரம் படித்தவர்கள் அதைப் பழங்கதையாக மட்டும் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஜெயங்கொண்டாரைக் குறை சொல்ல நான் யார்? அரசவைப் புலவர், ஜெயித்தவனைப் பாடினார். ஆனால் தோற்றவன் உயிர்மேல் வைத்த ஆசையை விடாமல் எழுதிவைத்தவரும் அவர்தான். அவர் எழுதாவிட்டால் அந்த யானை மணி நமக்குத் தெரிந்திருக்காது. சிரிப்புக்காக எழுதினாரா, வேறு எதற்காகவோ எழுதினாரா என்று ஐயாவிடம் இப்போதும் சண்டை போட நான் தயார்.

மே மாதம் அந்தப் போர் முடிந்தது. அவன் பத்து நாள் வகுப்புக்கு வரவில்லை என்று சொன்னால் பொய்; அது விடுமுறைக் காலம், எவனும் வரவில்லை. ஜூனில் திரும்பி வந்தபோது நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன், கிரிக்கெட் பேசினோம். மன்னிப்பு வாயில் வரவேயில்லை. 2010இல் எல்லோரும் பிரிந்துவிட்டோம்.

இந்த மேடையில் பேசலாமா என்று கேட்க, போன மாதம் பலரிடம் விசாரித்து அவன் எண்ணைப் பிடித்தேன். பதினைந்து வருஷம் கழித்து அந்த மன்னிப்பையும் கேட்டுவிட்டேன். "அதையா இன்னும் வச்சிருக்கே?" என்று சிரித்தான். "சொல்லு, ஆனா பேர் மட்டும் போடாதே" என்றான். அதனால்தான் பேர் சொல்லவில்லை.

வைக்கும் முன் கேட்டேன்: "அந்தக் கதையில அப்பா கடைசியா பாடினாராடா?"

"எங்க பாடுறது?" என்றான். "இப்பவும் முகாம் பிள்ளைகளுக்கு சாயந்திரம் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். போன வாரம் கண்ணாடி மாத்தணும்னு கூட்டிட்டுப் போனேன். பழைய கண்ணாடியைக் கடைக்காரர்கிட்ட கொடுக்க மாட்டேன்னுட்டார், மடியிலயே வச்சிக்கிட்டார்."