கயத்தாற்றில் முதல் நினைவுச் சின்னம் கட்டியது யார்?

மாவீரன் வீரபாண்டிய கட்டபொம்மன் நினைவு நாளில், கயத்தாற்றில் நம் மாவட்டப் பொறுப்பாளர் ஆற்றிய உரையிலிருந்து...



இந்தச் சிலை 1970-ல் வச்சது. இடத்தைச் சொந்தக் காசுல வாங்கி வச்சவர் நடிகர் திலகம் சிவாஜி கணேசன். அதுக்கப்புறம் அரசு மணிமண்டபம் கட்டுச்சு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனா இதுக்கெல்லாம் நூறு வருஷத்துக்கும் முன்னாடியே இங்க ஒரு நினைவுச் சின்னம் இருந்தது, தோழர்களே. வெறும் கற்குவியல்! கட்டபொம்மனைத் தூக்குல போட்ட இடத்தைக் கடந்து போன ஒவ்வொரு வழிப்போக்கனும் ஒரு கல்லை எடுத்துப் போட்டுட்டுப் போனான். சின்னக் கல், பெரிய கல்லுன்னு அது குவிஞ்சு கிடந்ததை 19-ஆம் நூற்றாண்டுலயே எழுதி வச்சிருக்காங்க. வெள்ளைக்காரன் ஆட்சியில கல்வெட்டு வைக்க முடியுமா? கல்லை மட்டும் வச்சாங்க. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்துல கும்பினிக்காரங்களோட கல்லறைகள் இன்னைக்கும் இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு இந்தக் குவியல்தான்.

1799 அக்டோபர் 16. பாளையக்காரர்களை எல்லாம் கூட்டி வச்சு, மேஜர் பானர்மேன் விசாரணைன்னு ஒண்ணு நடத்தினான். அன்னைக்கே புளியமரத்துல தூக்கு. கட்டபொம்மன் கொஞ்சமும் கலங்காம, சுத்தி நின்ன பாளையக்காரர்களை ஏளனமாப் பார்த்துக்கிட்டே மரத்தடிக்கு நடந்தார்னு எழுதினது யார்? தூக்குல போட்ட அதே பானர்மேன்! அவர் கவலைப்பட்டது வாய் பேச முடியாத தம்பி ஊமைத்துரையை நினைச்சு மட்டும்தான். கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாதுன்னு கடைசியா வருத்தப்பட்டாராம்.

அந்தத் தம்பி என்ன செய்தார்? 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையை உடைச்சு வெளியே வந்து, இடிச்ச கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் 31-ல் தாக்க வந்த கும்பினிப் படை தோத்துத் திரும்புச்சு. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது.

அப்ப நடந்த ஒண்ணைக் கும்பினி அதிகாரி வெல்ஷ் எழுதியிருக்கான். போர் முடிஞ்ச களத்துல ஒரு தாய் தன் மகனைத் தேடி வர்றா. குற்றுயிரா கிடந்த மகன், என்னை விடு, பக்கத்துல கிடக்கிற சாமியைக் காப்பாத்துங்கிறான். அந்தச் சாமி ஊமைத்துரை. பெத்த பிள்ளையை விட்டுட்டு அவரைத் தூக்கிட்டுப் போறாங்க. தேடி ஆளுங்க வந்ததும், துணியைப் போர்த்தி, அம்மை போட்டுப் பிள்ளை செத்துப் போச்சுன்னு ஒப்பாரி வைக்கிறாங்க. அம்மைன்னதும் வந்தவங்க ஓடிட்டாங்க! அந்தத் தாய் பேரு எந்த ஏட்டுலயும் இல்ல. என்ன சாதின்னும் எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க ஆசையும் இல்ல.

ஏன் சொல்றேன்னா, இன்னைக்குத் தியாகிகளைப் பங்கு பிரிச்சுக்கிட்டு இருக்கோம். கட்டபொம்மன் ஒரு சாதிக்கு, சுந்தரலிங்கம் ஒரு சாதிக்கு, வெள்ளையத்தேவன் ஒரு சாதிக்கு, தானாபதிப் பிள்ளை ஒரு சாதிக்கு. ஒரே கோட்டைக்காகச் செத்தவங்கய்யா இவங்க! தப்பி வந்த ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்த மருது சகோதரர்களுக்கும் 1801 அக்டோபர் 24-ல் தூக்கு. அவங்க என்ன உறவு பார்த்தா கொடுத்தாங்க? இப்ப நம்ம மாவட்டத்துல திருவிழா, நினைவு நாள்னாலே தடை உத்தரவு. வெள்ளைக்காரன் போட்டதில்ல, நம்ம சண்டைக்காக நம்ம அரசாங்கம் போடுறது.

இன்னொண்ணு. கோபத்துல எட்டயபுரத்துக்காரனைத் திட்டாதீங்க. அந்த மண்ணுதான் பாரதியையும் பெத்துச்சு.

அடுத்த வருஷம் வரும்போது சாதிக் கொடி, சாதி பனியன் எதுவும் நம்ம வண்டியில இருக்கக் கூடாது. ஒன்றியச் செயலாளர்கள் இதுக்குப் பொறுப்பு. பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க. சிலை முன்னாடி செல்ஃபி எடுக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. அந்தக் கற்குவியல் கதையையும் அந்தத் தாய் கதையையும் சொல்லிட்டு எடுக்கச் சொல்லுங்க.

வீரவணக்கம்! வீரவணக்கம்!

#கயத்தாறு #வீரபாண்டிய_கட்டபொம்மன் #ஊமைத்துரை