நம் வீட்டுச் சொற்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பொன்விழா மேடையில் பெரிய செய்திகளைப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நாம் நம் வீட்டுக்குள் நடக்கும் ஒன்றைப் பேசுவோம்.

நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். மூடியைத் திறந்ததும் இஞ்சியும் பூண்டும் மணக்கின்றன. பிள்ளைகள் ஆசையாகக் குடிக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேச்சில் நோன்பு 'புவாசா' ஆகிவிட்டது. தொழுகை 'சோலாட்' ஆகிவிட்டது. மலாய்மொழி நம் அண்டை வீட்டாரின் மொழி, நாட்டின் தேசிய மொழி. அதைக் கற்பது நல்லதுதான். ஆனால் நம் சொற்கள் எங்கே போயின?

இந்திய மண்ணில் முஸ்லிம்கள் பலர் நமாஸ், ரோஜா என்று பாரசீகச் சொற்களைச் சொல்கிறார்கள். நம் முன்னோர் மார்க்கத்தைத் தமிழிலேயே வைத்துக்கொண்டார்கள். வள்ளுவர் எழுதிய 'தொழு' என்ற சொல்தான் நம் தொழுகைக்கு வேர். உமறுப் புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடினார். 1826இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலைத் தோற்றுவித்தவர்கள் இந்தத் தமிழையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

இது வெறும் மொழிப்பற்று அல்ல. ஊரிலிருந்து நன்னி தொலைபேசியில் அழைக்கிறார். "தொழுதியா ராஜா? ஓதப் போறியா?" என்று கேட்கிறார். பேரன் புரியாமல் நம் முகத்தைப் பார்க்கிறான். நாம் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறோம். நன்னியின் துஆவை மொழிபெயர்த்துச் சொல்லிவிடலாம். அந்தப் பாசத்தை எப்படிச் சொல்வது?

நம் சிறுவயதில் இதற்குத் தனி வகுப்பு இல்லை. பெருநாள் காலையில் கேசட்டில் நாகூர் இ.எம். ஹனிபா பாடிக்கொண்டிருப்பார். அத்தா கூடவே முணுமுணுப்பார். ஈமான், பொறுமை, ஈகை எல்லாம் அப்படித்தான் காதில் விழுந்தன. ஹனிபா 2015இல் மறைந்தார். அந்தக் குரல் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பிள்ளைகள் கொரியப் பாட்டுக் கேட்கட்டும், தடுக்க வேண்டாம். காரில் போகும்போது நம் பாட்டு ஒன்றையும் போடுவோம்.

கடை பூட்டி வீடு சேர நமக்கு இரவு பத்தாகிவிடுகிறது. பள்ளிக்கூட ஆசிரியரும் மதரஸா உஸ்தாதும் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறோம். சாப்பாட்டு மேசையில் பேச வேண்டியதை அவர்களால் பேச முடியாது. கடைக்கு விடுப்பு விடும் நாளிலாவது, ஒரு வேளை உணவைத் தமிழ் பேசிச் சாப்பிடுவோம். பிள்ளைகள் தப்பாகப் பேசினால் சிரிக்காதிருப்போம். சிரித்தால் அடுத்த முறை வாயே திறக்கமாட்டார்கள். வாரம் ஒருமுறை நன்னியிடம் அவர்களையே பேசவிடுவோம்.

இந்தச் சங்கம் நூற்றாண்டு காணும்போது இந்த மலரை நம் பேரப்பிள்ளைகள் கையில் எடுப்பார்கள். அதைப் படிக்க அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.