படுக்கையும் நடையும்

நோயுற்றவனுக்கு ஓய்வே முதல் மருந்து என்பது நெடுங்கால நம்பிக்கை. அது முழு உண்மையன்று என இக்கால மருத்துவம் கண்டுள்ளது.

1952 ஆம் ஆண்டு கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தோருக்கு மருத்துவ மாணவர்கள் இரவு பகலாகக் கைகளாலேயே காற்றூட்டினர். அதிலிருந்து பிறந்ததே தீவிர சிகிச்சைப் பிரிவு. ஆயினும், உயிர் காக்கும் அவ்விடத்திலேயே வேறொரு கேடும் உண்டு. 2013 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், கடும் நோயாளரின் தொடைத் தசை பத்தே நாளில் ஏறத்தாழ 18 வீதம் குறுகியிருந்தது.

இதன் பொருள் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோருக்கு எளிதில் விளங்கும். கொட்டியாரக் குடாவில் வலை இழுப்பவனுக்கும் துறைமுகத்தில் சுமை தூக்குபவனுக்கும் உடல் வலிமையே முதல். உயிர் பிழைத்தும் எழுந்து நிற்க மாட்டாதவனாய் அவன் வீடு திரும்பினால், அக்குடும்பத்தின் அடுப்பு எரிவது எவ்வாறு?

ஆதலால், மூச்சுக் கருவி பொருத்தியவரையும் காலத்தோடு அசையச் செய்கின்றனர். 2009 இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 104 நோயாளர் இடம்பெற்றனர். தொடக்கத்திலேயே பயிற்சி பெற்றோருள் 59 வீதத்தினர் வைத்தியசாலையை விட்டு நீங்கும்போது தம் அன்றாடக் கருமங்களைத் தாமே ஆற்றினர். ஏனையோருள் 35 வீதத்தினரே அந்நிலை எய்தினர்.

ஆனால், வலியும் அச்சமும் சூழ்ந்தவன் "கையை உயர்த்து" என்றதும் உயர்த்துவானா? இங்கேதான் மெய்நிகர் காட்சி துணைக்கு வருகின்றது. கண்களை மறைக்கும் கருவியை அணிந்ததும் புதியதோர் உலகம் விரியும். தலை திரும்பும் பக்கமெல்லாம் காட்சியும் திரும்பும். அமெரிக்காவின் சியாற்றில் நகரில் தீப்புண் நோயாளருக்குப் பனியுலகக் காட்சியைக் காட்டி, வலியிலிருந்து மனத்தைத் திருப்பினர். அவ்வாறே, படுத்திருக்கும் மீனவனுக்கு நிலாவெளிக் கடற்கரையைக் காட்டலாம். மிதந்து வரும் பந்தைத் தட்ட அவன் கை தானே நீளும்; பயிற்சி விளையாட்டாகும்.

எனினும் அளவறிதல் வேண்டும். 750 நோயாளரைக் கொண்டு 2022 இல் வெளியான ஆய்வில், வழமையினும் மிகுதியாக அசையச் செய்ததால் மேலதிக நன்மை விளையவில்லை. தீய விளைவுகளே கூடின. மெய்நிகர் காட்சி பற்றிய ஆய்வுகளும் இன்னும் சிறியனவே. தலைசுற்றலும் மனக்குழப்பமும் நேராவண்ணம் இயன்மருத்துவரும் தாதியும் அருகிருத்தல் இன்றியமையாதது.

கருவி வாய்க்காத வைத்தியசாலையிலும் இதன் பாடம் பயன்படும். நோயாளியை எழுப்புவது கட்டளையன்று, ஆவலே. மருத்துவர் இசைவுடன் மகள் அருகே வந்து, "அப்பா, தோணி காத்திருக்கிறது" என்றால், அச்சொல்லும் ஒரு மருந்தன்றோ?