செருப்பில் ஒட்டிய கண்ணாடி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ரெண்டே ரெண்டு பொருளைப் பற்றித்தான் பேசப் போறோம்: கண்ணாடித் துகள், மண். ரெண்டுமே நம்ம கால்ல ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வர்ற சாதாரண விஷயம். ஆனா கோர்ட்டுக்குப் போயிட்டா, இதே ரெண்டும் ஒருத்தரை உள்ள தள்ளும், இல்லைன்னா வெளியே கொண்டுவரும்.

இந்த எபிசோடுக்குக் காரணம் என் கார். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில பார்க்கிங்குக்குப் போனா, பின்பக்கக் கண்ணாடி சுக்குநூறாக் கிடக்கு. அந்த மூலையில கேமரா கிடையாது. அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல அரை மணி நேரத்துல விசாரணை முடிஞ்சிருச்சு. காலையில ஆறு மணிக்கு வந்தது தண்ணி கேன் போடுற தம்பி மட்டும்தான். யாரோ அவனோட செருப்பைக் கழட்டச் சொல்லிப் பார்த்தாங்க. அடிப்பகுதியில நாலஞ்சு கண்ணாடித் துண்டு. "அப்போ இவன்தான்"னு முதல்ல சொன்ன ஆள் வேற யாரும் இல்லை, நான்தான்.

அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். முதல்ல, தடயவியல் நிபுணர் ஒருத்தர் என் இடத்துல இருந்திருந்தா என்ன கேட்டிருப்பார்னு பார்ப்போம்.

எட்மண்ட் லொக்கார்டுன்னு ஒரு பிரெஞ்சுக்காரர். 1910-ல் லியோன் நகரத்துல போலீசுக்குன்னு ஒரு ஆய்வுக்கூடம் ஆரம்பிச்சவர். ரெண்டு பொருள் ஒண்ணோட ஒண்ணு தொட்டா ஏதாவது கைமாறும் என்பதுதான் அவருடைய அடிப்படை எண்ணம். துணி நூல், முடி, பெயிண்ட், கண்ணாடி, மண் எல்லாம் இதுல அடங்கும். இதையெல்லாம் சேர்த்து நுண் தடயம்னு சொல்றாங்க.

கண்ணாடி எப்படிக் கைமாறுது? ஒரு ஜன்னலைக் கம்பியால அடிச்சா துண்டெல்லாம் அந்தப் பக்கம்தானே விழும்னு நினைப்போம். முழுக்க அப்படி இல்லை. கண்ணுக்குச் சரியாத் தெரியாத அளவு சின்னத் துகள்கள் அடிச்சவர் பக்கமே திரும்பித் தெறிக்கும். சில மீட்டர் தூரம்கூட வரும். சட்டையில, தலைமுடியில, பாக்கெட்டுக்குள்ள உட்கார்ந்துக்கும். ஆனா ரொம்ப நேரம் தங்காது. நடக்க நடக்க உதிரும். முதல் ஒரு மணி நேரத்துலயே பெரும்பாலானது போயிடும். வழவழப்பான துணியை விடக் கம்பளித் துணியில கொஞ்சம் கூடுதலா நிற்கும்.

சரி, சட்டையில ஒரு துகள் கிடைச்சிருச்சு. அது அந்த ஜன்னலோடதுதானான்னு எப்படிப் பார்க்கிறது? துண்டு பெருசா இருந்து, உடைஞ்ச ஓரமும் ஓரமும் ஜிக்சா மாதிரி பொருந்திட்டா வேலை சுலபம். அதை விட வலுவான சாட்சி கிடையாது. ஆனா கிடைக்கிறது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் கீழ.

அங்கதான் ஒளிவிலகல் எண் வருது. போரோசிலிகேட் கண்ணாடிக் குழாயைச் சமையல் எண்ணெய்க்குள்ள விட்டா அப்படியே மறைஞ்சு போற வீடியோ பார்த்திருப்பீங்க. ரெண்டுக்கும் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட ஒண்ணு. அதனால ஓரம் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்துலயும் இதையேதான் செய்யறாங்க. துகளைச் சிலிகான் எண்ணெயில போட்டு, மைக்ராஸ்கோப் கீழ வெச்சு, மெதுவாச் சூடாக்குவாங்க. சூடு ஏற ஏற எண்ணெயோட எண் குறையும். கண்ணாடியோடது அவ்வளவா மாறாது. எந்த வெப்பநிலையில துகளோட ஓரம் மறையுதோ, அதை வெச்சு எண்ணைக் கணக்கு பண்ணிடலாம். ஜன்னல் கண்ணாடிக்கு இது சுமாரா 1.52. ஆனா அஞ்சாவது தசம இடம் வரைக்கும் அளக்கிறாங்க. வித்தியாசம் தெரியறது அந்தக் கடைசி இடங்கள்லதான்.

இப்போ ஒரு சிக்கல். இன்னைக்கு ஜன்னல் கண்ணாடியில பெரும்பகுதி ஃப்ளோட் கிளாஸ். உருகின தகரத்து மேல உருகின கண்ணாடியை மிதக்க விட்டுத் தயாரிக்கிறது. 1950-கள்ல இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி உருவாக்கின முறை. தொழிற்சாலைகள் தரத்தைக் கட்டுக்குள்ள வெச்சிருக்கிறதால, சம்பந்தமே இல்லாத ரெண்டு ஜன்னலுக்கு ஒரே எண் வர்றது சகஜம். அதனால லேசரால ஒரு புள்ளியைச் சுரண்டி, ஸ்ட்ரான்ஷியம், சிர்கோனியம், டைட்டானியம் எல்லாம் எவ்வளவு இருக்குன்னும் அளக்கிறாங்க. மணல்லயிருந்து தற்செயலா வர்ற இந்தக் கலப்பு, ஒரு தயாரிப்பை இன்னொண்ணுல இருந்து பிரிச்சுக் காட்டும்.

"ஒத்துப்போகுது"ன்னா என்ன அர்த்தம்? எங்க தொழில்ல ஹாஷ்னு ஒண்ணு உண்டு. ஒரு ஃபைலைச் சுருக்கி ஒரு எண்ணாக்குறது. ரெண்டு ஃபைலுக்கு ஹாஷ் ஒண்ணா இருந்தா ஃபைலும் ஒண்ணுதான்னு நம்புறோம். ஏன்னா அந்த எண் அவ்வளவு நீளம், தற்செயலா ஒத்துப்போக வாய்ப்பே இல்லைன்னு சொல்லலாம். ஆனா வெறும் 25 விதமான எண்தான் வரும்னு இருந்தா? ஒத்துப்போறதை வெச்சு மட்டும் முடிவு எடுப்பீங்களா?

25-ன்னு சும்மா சொல்லலை. 1980-களோட தொடக்கத்துல இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒண்ணு, அபடாம் வழக்குன்னு சட்டம் படிக்கிறவங்களுக்குத் தெரியும். ஒரு கொள்ளையில உள் ஜன்னல் ஒண்ணு உடையுது. குற்றம் சாட்டப்பட்டவரோட ஷூவுல கண்ணாடித் துகள். ஒளிவிலகல் எண் ஒத்துப்போகுது. உள்துறை ஆராய்ச்சிக்கூடத்துப் புள்ளிவிவரத்தைப் பார்த்து, இந்த எண் வர்றது 4 சதவீத மாதிரிகள்லதான்னு நிபுணர் சொன்னார். தானே சேகரிக்காத புள்ளிவிவரத்தை நிபுணர் பயன்படுத்தலாமாங்கிறதுதான் அங்க சட்டக் கேள்வி. பயன்படுத்தலாம், ஆனா எங்கிருந்து எடுத்தார்னு வெளிப்படையாச் சொல்லணும்னு நீதிமன்றம் சொல்லிச்சு. தண்டனை உறுதியாச்சு.

எனக்கு அந்த 4 சதவீதம்தான் உறுத்துது. அந்த வழக்கோட முடிவைச் சொல்லலை. அந்த எண்ணை நாம எப்படிக் கேட்டுக்கிறோம்ங்கிறதைச் சொல்றேன். "4 சதவீதம்தான், அப்போ 96 சதவீதம் இவர்தான்"னு மனசு உடனே மாத்திப் படிக்கும். அது தப்பு. சம்பந்தமே இல்லாத, ஆனா ஷூவுல கண்ணாடி ஒட்டின 100 பேரை வரிசையில நிறுத்தினா, அதுல சுமாரா 4 பேருக்கு இதே எண் வரும். 4 சதவீதம் சொல்றது அவ்வளவுதான். மீதியை வழக்கோட மற்ற சாட்சிகள்தான் நிரப்பணும்.

அப்போ நுண் தடயம் பலவீனமான சாட்சியா? இல்லை. அதை எப்படிப் படிக்கணும்னு காட்டினவர் ஒருத்தர் இருக்கார். ஃப்ராங்க்ஃபர்ட் வேதியியலாளர் கேயார்க் பாப். 1908-ல் ஜெர்மனியில ராக்கன்ஹவுசன் பக்கத்துல மார்கரெத்தே ஃபில்பர்ட்ங்கிற பெண் கொலையாயிட்டாங்க. சந்தேகப்பட்ட ஆளோட ஷூவை பாப்கிட்ட கொடுத்தாங்க. முந்தின நாள் ராத்திரிதான் அவரோட மனைவி அதைச் சுத்தம் பண்ணி வெச்சிருந்தாங்க. அதனால மேல ஒட்டியிருந்த மண்ணு அந்த ஒரே நாள் மண்ணு. மண் அடுக்கடுக்கா ஒட்டியிருந்தது. பாப் ஒவ்வொரு அடுக்காப் பிரிச்சார்.

தோலை ஒட்டி வாத்து எச்சம், அவர் வீட்டு வாசல்ல இருக்கிற மாதிரி. அடுத்து புல். அடுத்து சிவப்பு மணற்பாறை மண், உடல் கிடந்த இடத்து மண் மாதிரி. கடைசியா செங்கல் தூள், நிலக்கரி, சிமெண்ட் துகள். அவரோட துப்பாக்கி கிடைச்ச பாழடைந்த கோட்டையில இருந்த மாதிரி. எது உள்ள, எது வெளியேங்கிற வரிசைதான் எது முன்னாடி, எது பின்னாடிங்கிறதும். சர்வர் லாக் ஃபைலை மேல இருந்து கீழ படிக்கிற மாதிரி அவர் ஒரு ஷூவைப் படிச்சார்.

எனக்குப் பிடிச்சது அதுக்கு அடுத்த படி. அந்த ஆள், "நான் அன்னைக்கு என் வயல்லதான் நடந்தேன்"னு சொல்லியிருந்தார். பாப் அந்த வயல் மண்ணையும் எடுத்துப் பார்த்தார். அதுல போர்ஃபிரிப் பாறைத் துணுக்கும் பால் நிறக் குவார்ட்ஸும் இருந்தது. ஷூவுல அது ஒண்ணுகூட இல்லை. குற்றம் நடந்த இடத்து மண்ணை மட்டும் அவர் ஒப்பிடலை. அந்த ஆள் சொன்ன கதைக்கும் ஒரு வாய்ப்பு கொடுத்து, அதையும் சோதிச்சார். இன்னைக்கும் நல்ல மண் ஆய்வாளர் அப்படித்தான் செய்வார். சந்தேகப்படுறவர் "நான் இங்கதான் போனேன்"னு சொல்ற இடத்துல இருந்தும் மாதிரி எடுப்பார். நிறம், துகள் அளவு, கனிமங்கள், மகரந்தம்னு எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் வெச்சுப் பார்ப்பார்.

ஆக, கேள்வி "ஒத்துப்போகுதா?" மட்டும் இல்லை. இவர் செஞ்சிருந்தா இந்தத் தடயம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? செய்யாம இருந்தாலும் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? முதல் எண்ணை ரெண்டாவதால வகுத்தா வர்றதுதான் அந்தத் தடயத்தோட மதிப்பு.

இப்போ பார்க்கிங்குக்கு வருவோம். கார் பின்கண்ணாடி டெம்பர்டு கிளாஸ். உடைஞ்சா கல்கண்டு மாதிரி சின்னச் சின்னத் துண்டாத் தரை முழுக்கக் கொட்டும். அந்தத் தம்பி உடைச்சிருந்தா செருப்பு அடியில துண்டு இருக்குமா? இருக்கும். உடைக்காம, கேனைத் தூக்கிக்கிட்டு அந்த வழியா நடந்திருந்தா? அப்பவும் இருக்கும். வகுத்தா ஒண்ணு. அந்தச் சாட்சிக்கு மதிப்பே கிடையாது. அவன் அதைத்தான் சொன்னான்: "அண்ணா, லிஃப்டுக்கு அந்த வழியாத்தானே போகணும்?" நாங்க யாரும் காதுல வாங்கலை. தடயம் தேடியிருந்தா அவனோட சட்டையிலயும் தலைமுடியிலயும் தேடியிருக்கணும். தரையில நடந்தா சட்டையில கண்ணாடி ஏறாது.

அன்னைக்கு ராத்திரி என் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். ஆறு துண்டு. அவனை விட அதிகம்.

அதுக்குள்ள யாரோ ஏஜென்சிக்குப் போன் போட்டு ஆளை மாத்தச் சொல்லியிருந்தாங்க. மறுநாள் நான் கூப்பிட்டு, தப்பு எங்க மேலதான்னு சொன்னேன். ஒரு வாரம் கழிச்சு அவனே கேன் கொண்டு வந்தான். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா"ன்னு சொல்லிட்டுக் காலி கேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அந்த ஒரு வாரக் கூலியை நான் கொடுத்தப்போ வாங்க மாட்டேன்னுட்டான்.

கண்ணாடியை உடைச்சது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. குரூப்லயும் அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசலை.