ஊர் வரலாறும் நூல் நிலையமும்

(சுங்காய் வட்டாரத் தோட்ட மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நூல் நிலையம் என்றவுடன் கதைப் புத்தகம் இரவல் வாங்கும் இடம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறன்று. எனினும், ஓர் ஊரின் நினைவைக் காத்து வைக்கும் பெட்டகமும் அதுவே. இதற்கு யாழ்ப்பாணத்து நூல் நிலையத்தின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். முன்னாளில் பேராக்கின் இரயில் நிலையங்களிலும் தோட்டத்து ஆபீசுகளிலும் பணிபுரிந்த கிராணிமார் பலர் அப்பகுதியிலிருந்து வந்தவர்களாதலின், அவ்வூர்ப் பெயர் நமக்குப் புதிதன்று.

1933-ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டில், வாடகை அறையொன்றில், 844 நூல்களுடன் நூல் நிலையம் திறக்கப்பெற்றது. பின்னர் நகர சபை அதனை ஏற்று நடத்தியது. மக்கள் களியாட்ட விழா நடத்திப் பொருள் திரட்டினர். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். 1959 அக்டோபரில் அழகிய புதுக் கட்டடம் திறக்கப்பெற்றது. ஓலைச்சுவடிகளும், பழைய செய்தித்தாள்களும், அவ்வட்டாரத்தில் அச்சான நூல்களும் அங்கே சேர்ந்தன.

1981 மே இறுதியில் மூண்ட வன்செயலின்போது, காவலர்களும் உள்ளிட்ட ஒரு கும்பல் அதற்குத் தீ வைத்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடம் பிற்காலத்தில் மீண்டும் எழுப்பப்பெற்றது. அதன் சுவடிகளோ திரும்பவில்லை.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையின் ஏடும் அத்தீயில் அழிந்தது என்பர். ஆயினும் அந்நூல் இன்றும் நம் கையில் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டிலேயே அது அச்சேறிவிட்டது. பல வீடுகளில் படிகள் இருந்தன. ஒரே படியாக இருந்தவைதாம் அடியோடு மறைந்தன. 2005-இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் மின்னூலகத்தார் இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து வைப்பதும் இதனாலேயாம்.

நம் தோட்டத்து ஏடுகளுக்கு எத்தனை படிகள் உள்ளன?

நாம் நன்கறிந்த தோட்டமொன்று கைமாறியபோது, ஆபீசிலிருந்த பழைய செக்ரோல் புத்தகங்களைப் பால் கொட்டகையின் பின்புறம் போட்டு எரித்தனர். நாமும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம், குப்பையென்றே எண்ணினோம். பல்லாண்டு கழித்து மூதாட்டி ஒருவர், தம் தந்தையார் இந்நாட்டில் உழைத்தமைக்குச் சான்று தேடி வந்தார். அன்று எரிந்தது என்னவென்று அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. அவரை வெறுங்கையுடன் அனுப்ப நேர்ந்தது.

பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இடிக்கப்பெற்றன. தமிழ்ப்பள்ளிகள் சில இடம் பெயர்ந்தன. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, தீமிதித் திருவிழா அழைப்பிதழ், பெரட்டுக் களத்தில் எடுத்த நிழற்படம் ஆகியவையே இனி அத்தோட்டங்களின் வரலாறு. கல்யாணப் பத்திரிகைக்கு என்ன மதிப்பு என்று எண்ணிவிட வேண்டா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பின், அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சிட்டு வெளியிடும் நூல்களின் 5 படிகளைத் தேசிய நூல் நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும். ஆலய மலரும் பள்ளி மலரும் வெளியிடும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக. மேலும் ஒரு படியை ஈப்போ துன் ரசாக் நூல் நிலையத்திற்கும் கொடுத்துப் பார்க்கலாம்.

இன்றிரவே செய்யத்தக்க வேலையொன்று உண்டு. வீட்டிலுள்ள பழைய நிழற்படங்களை எடுங்கள். பாட்டியை அருகில் அமர்த்தி, படத்தில் நிற்பவர் யார் யார் என்று இடப்புறத்திலிருந்து வரிசையாகக் கேளுங்கள். பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். மைப்பேனா வேண்டா, மை மறுபுறம் ஊறிவிடும். கையிலுள்ள தொலைபேசியால் இருபுறமும் படமெடுத்து, வேற்றூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள். அது இரண்டாவது படி.