சென்னை செல்லும் சங்கப் பிரதிநிதிகளுக்குச் சில யோசனைகள்

(கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சங்கக் காரியமாகச் சென்னைக்குச் செல்லும் பிரதிநிதி செலவிடுவது தம் சொந்தப் பணமன்று. உங்கள் எல்லோருடைய பணமாகும். ஆதலின் பட்டணத்தில் வழியறிந்து நடப்பது அவருக்குக் கடமையாகிறது. அங்கே பணம் வீணாவது பெரும்பாலும் இறங்குமிடம் தெரியாமையினாலேயே. அதனைப்பற்றி மட்டும் இன்று கூறுவேன்.

முதலாவது, பஸ் பிரயாணம். திருச்சி, மதுரை, திருநெல்வேலி முதலிய தென் ஜில்லாக்களின் பஸ்கள் முன்னர்க் கோயம்பேடு வரை சென்றன. 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டது. அதன்பின் அவை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அவ்விடத்திலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் சுமார் 30 கிலோமீட்டர் தூரம். இதனை அறியாதவர் இறங்கியவுடன் ஆட்டோவில் ஏறிப் பெருந்தொகை கொடுக்க நேரிடும். டவுன் பஸ்ஸில் தாம்பரம் சென்று மின்சார ரயிலில் ஏறினால் கிண்டி, மாம்பலம், எழும்பூர், பூங்கா, கோட்டை, கடற்கரை ஆகிய இடங்களுக்குச் சொற்பச் செலவில் போய்ச் சேரலாம். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் 1931 முதல் ஓடிவருகிறது.

இரண்டாவது, ரயில் பிரயாணம். தெற்கேயிருந்து வரும் வண்டிகள் பெரும்பாலும் எழும்பூருக்கும், கோயமுத்தூர், சேலம் மார்க்கத்து வண்டிகள் சென்ட்ரலுக்கும் வரும். எழும்பூர் வண்டிகளில் பல தாம்பரத்தில் நிற்கும். கிண்டியில் வேலையுள்ளவர் எழும்பூர் வரை சென்று திரும்புவானேன்? சென்ட்ரலில் இறங்குவோருக்குச் சாலையின் எதிர்ப்புறத்திலேயே பூங்கா ஸ்டேஷன் உள்ளது. 2015 ஜூன் 29 முதல் நடைபெறும் மெட்ரோ ரயிலில் கட்டணம் சற்று அதிகம். எனினும் குறித்த நேரத்தில் ஆபீஸில் ஆஜராக வேண்டியவருக்கு அது பெரிதும் உதவும்.

மூன்றாவது, எச்சரிக்கை. மின்சார ரயிலில் சாதாரண டிக்கெட்டுடன் முதல் வகுப்பிலோ, பெண்களுக்கென ஒதுக்கிய வண்டியிலோ ஆண்கள் ஏறினால் அபராதம் கட்ட நேரும். காலை 8 மணி முதல் 10 மணி வரை கூட்டம் மிகுதி. பணப்பையையும் தஸ்தாவேஜுகளையும் மார்போடு அணைத்துக்கொள்க. ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடித்துக்கொள்க.

ஆகவே, பிரதிநிதியை அனுப்புமுன் நிர்வாகக் கமிட்டியார் ஆபீஸின் பெயர், தெரு, அருகிலுள்ள ஸ்டேஷன், உத்தேசச் செலவு ஆகிய நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். எழுத்தறியாத அங்கத்தினரும் அக்காகிதத்தைக் காட்டி வழி கேட்கலாம். திரும்பியதும் டிக்கெட்டுகளுடன் கணக்கை ஒப்புவிக்க வேண்டும். வழி தெரிந்தவர் ஒருவரையே எப்போதும் அனுப்பும் வழக்கம் சங்கத்துக்கு நன்றன்று. அவரன்றி ஒன்றும் நடவாது என்ற நிலை அதனால் ஏற்படும். ஒவ்வொரு அங்கத்தினரும் சென்றுவரக் கற்றாலன்றிச் சங்கம் எல்லோருக்கும் உரியதாகாது.